வேறு தோளில் விழுந்த பொன்னாடை

டிவியில் தினமும் பார்க்கிற ஒருவரை எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுபிடித்துவிடுவோம் என்று நம்புகிறவர்கள் உலகத்தில் பாதிப் பேர். நானும் அந்தப் பாதியில்தான் இருந்தேன், கல்கத்தாத் தமிழர்கள் திரண்டிருந்த ஓர் அரங்கத்தில் மேடையேறும் வரை.

கல்யாணமாகி கல்கத்தாவின் லேக் மார்க்கெட்டுக்கு வந்த புதிதில் எனக்குப் பெங்காலி தெரியாது. கணவர் வங்கி அதிகாரி. வீட்டுக்கு வந்தால் பேச மாட்டார் (வங்கியில் பேசுவாராம், கேள்விப்பட்டிருக்கிறேன்). கேபிள்காரர் தயவில் தமிழ் சேனல் வந்ததும் ஒரு தொடரின் நாயகியைப் பிடித்துக்கொண்டேன். மாமியார் கொடுமை, நாத்தனார் கொடுமை எல்லாவற்றுக்கும் ஒல்லியாக, தலைகுனிந்து, சத்தமில்லாமல் அழுவாள். கூடவே நானும் அழுவேன். எனக்கு மாமியாரும் இல்லை, நாத்தனாரும் இல்லை (அழுவதற்குக் காரணமா பஞ்சம்?). அந்த அரைமணி நேரம்தான் எனக்கு ஊர்.

அந்த நடிகை புது நாடகத்தோடு கல்கத்தா வருகிறார் என்றதும், எங்கள் தமிழ்ச் சங்கச் செயலாளரை நச்சரித்து, பொன்னாடை போர்த்தும் உரிமையை வாங்கிவிட்டேன். போர்த்திவிட்டு அவர் கையைப் பிடித்துச் சொல்ல ஒரு வாக்கியமும் தயார்: "உங்களாலதான் நான் இந்த ஊர்ல இருந்துண்டிருக்கேன்." குளிக்கும்போது, காய் நறுக்கும்போது, டிராமில் போகும்போது, எப்போதும் அதே ஒத்திகை.

நாடகத்தன்று காளிகாட் அருகே ஏதோ கட்சி ஊர்வலம். டாக்சி நகரவே இல்லை. நாங்கள் உள்ளே நுழைந்தபோது நாடகம் தொடங்கி நன்றாக நேரமாகி, அந்த நடிகை மேடையில் தோன்றியதற்கான கைதட்டல் எல்லாம் முடிந்திருந்தது. மேடையில் நரைத்த கொண்டையும் பெருத்த வயிறுமாக ஒரு வீட்டுக்காரம்மாள், வெற்றிலையைக் குதப்பியபடி குடித்தனக்காரர்களை விரட்டிக்கொண்டிருந்தார். கட்டைக் குரல். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. இந்தப் பொம்பளை எப்போது நகர்வாள், நம்மவர் எப்போது வருவார் என்று கணவரைக் கேட்டேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

கடைசியில் குடித்தனக்காரரின் மனைவியாக ஓர் ஒல்லிப் பெண் வந்து, தலைகுனிந்து அழுதாள். உயரம் கொஞ்சம் கூடினாற்போல் இருந்தது, மூக்கும் மாறியிருந்தது. டிவியில் மூக்கு சப்பையாகத்தான் தெரியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கூடவே அழுதேன். (தொடரில் நாயகிக்குக் குரல் கொடுத்தது வேறொருவர் என்பதெல்லாம் அப்போது யார் கண்டது?)

நாடகம் முடிந்ததும் நடிகர்கள் வேஷத்தோடு வரிசையாக நின்றார்கள். நம் அபிமான நடிகைக்குப் பொன்னாடை என்று செயலாளர் அறிவிக்க, நான் மேடையேறினேன். வீட்டுக்காரம்மாள் கைகூப்பியபடி ஓரடி முன்னால் வந்து தோளைத் தாழ்த்திக் கொடுத்தார். ஆசையைப் பார் என்று நினைத்துக்கொண்டு, அவரைச் சுற்றிப் போய், பின்னால் நின்ற ஒல்லிப் பெண்ணுக்குப் போர்த்தினேன். கையைப் பிடித்து, அந்த வாக்கியத்தையும் தழுதழுக்கச் சொல்லிவிட்டேன். மைக் பக்கத்திலேயே இருந்தது.

அந்தப் பெண் என் காதோடு சொன்னாள்: "அக்கா, நான் அவங்க இல்ல. அவங்க முன்னாடி நிக்கிறாங்க."

திரும்பினேன். வெற்றிலைக் கறை படிந்த பற்களுக்கு மேலே, எனக்கு நன்றாகப் பழக்கமான கண்கள். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. அவர் மைக்கை வாங்கினார்.

"இத்தனை வருஷமா தினம் இவங்க வீட்டுக்குப் போய் அழுதிருக்கேன். இன்னைக்கு ஒரு நாள் சிரிக்க வைக்கலாம்னு வந்தேன், வாசல்லயே நிக்க வெச்சுட்டாங்க."

நாடகத்துக்குக் கிடைக்காத கைதட்டல் அதற்குக் கிடைத்தது. ஒல்லிப் பெண் பொன்னாடையைக் கழற்றப் போக, நடிகை விடவில்லை. தலைமை தாங்க வந்தவருக்கு வைத்திருந்த பொன்னாடை அவசரமாக நடிகைக்குப் போக, தலைவர் வெறும் தோளோடு நன்றியுரை கேட்டார். அவர் என் கணவரின் மேலதிகாரி. அன்று டாக்சியில் என் கணவர் முதல்முறையாக வீடு வரை பேசிக்கொண்டே வந்தார்.

நடிகையிடம் சொல்ல நினைத்ததை நான் இன்றுவரை சொல்லவில்லை. அந்த வருத்தம் உண்மையிலேயே இருக்கிறது.

இப்போது எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், நான் பரிசோடு மேடைப் படியில் கால் வைத்ததும் என் பெண் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். "மா, நடுவுல மாலை போட்டுண்டு நிக்கறாளே, அவதான் கல்யாணப் பொண்ணு." பின்னால் வரிசையில் நிற்கிற உறவுக்கூட்டம் மொத்தமும் சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனாலும், எதற்கும் இருக்கட்டும் என்று, பெயரைக் கேட்ட பிறகுதான் பரிசை நீட்டுகிறேன்.