ஜெட் படகில் ஒரு வேண்டுதல்

காரைக்குடிப் பக்கம் சாமிக்கு வேண்டிக்கொள்ளாத பெண்டாட்டி கிடையாது. ஆனால் புருசன் தலையை அடகு வைத்து வேண்டிக்கொள்வதில் கல்யாணசுந்தரியை மிஞ்ச ஆளில்லை. மகன் முகேஷுக்குக் காய்ச்சலா? "முருகா, அவுக மொட்டை போடுவாக." வாங்கிய மனைக்கு வில்லங்கமா? "அவுக மொட்டை போடுவாக." நின்றுபோன மிக்சி தானாக ஓடியதற்குக்கூட ஒரு மொட்டை நடந்திருக்கிறது. வேண்டுவது அவள் வாய். வழிக்கப்படுவது சேவுகப்பெருமாள் தலை.

அவருக்கு வயது ஐம்பத்தாறு. தாலுகா ஆபீஸ் உத்தியோகம். வீட்டு ஆல்பத்தில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் சந்தனம் பூசிய தேங்காயாகத்தான் நிற்பார். வருகிற தையில் மகள் கீர்த்திக்குக் கல்யாணம். அந்த மேடையிலாவது முடியோடு நின்று பெண்ணைத் தாரைவார்க்க வேண்டும். மனுசனுக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான். முடியும் ஏதோ பரிதாபப்பட்டு வளர்ந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து, நியூசிலாந்தில் வேலை பார்க்கும் முகேஷ் இருவரையும் வரச்சொல்லி டிக்கெட் போட்டான். "அப்பா, ஆத்துல ஜெட் படகு இருக்கு. பாறையை உரசுற மாதிரி பறக்கும். நடு ஆத்துல தட்டாமாலை சுத்தும்!"

போனிலேயே சேவுகப்பெருமாளுக்குச் சந்தன வாசம் அடித்தது. படகு சுற்றினால் சுந்தரி வாயைத் திறப்பாள். திறந்தால் தையில் தேங்காய்தான். விமானத்தில் எல்லோரும் தூங்க, இவர் மட்டும் யோசித்துக்கொண்டே வந்தார். அவள் முந்துவதற்குள் நாமே அவள் முடியை நேர்ந்துவிட்டால் என்ன? ஒரு ஆபத்துக்கு ஒரு வேண்டுதல்தானே? தன் தலைக்குப் பயந்து பெண்டாட்டி தலையைக் காட்டிக்கொடுப்பது ஆம்பளைக்கு அழகா என்றும் தன்னையே கேட்டுக்கொண்டார். யோசிக்க யோசிக்க அழகாகத்தான் பட்டது.

ஆற்றங்கரையில் படகோட்டி ஏதோ விளக்கினான். முகேஷ் தமிழில் சொன்னான்: "அவர் விரலைத் தூக்கி வட்டம் போட்டா, படகு சுத்தப்போகுதுன்னு அர்த்தம். கம்பியைப் பிடிச்சுக்கங்க."

"என்னங்க, மூஞ்சி ஏன் வெளுத்துப்போச்சு? பயந்துட்டீகளா?"

"நானா? கோட்டையூர் டவுன் பஸ்ல படியில தொங்குனவன்டி நானு."

"அது ஸ்டாப்புல நிக்கும். இது நிக்குமா?"

பதில் சொல்வதற்குள் படகு பாய்ந்தது. வயிறு கரையிலேயே தங்கிவிட்டது. எதிரே ஒரு பாறை நேராக இவரைத் தேடிக்கொண்டு வந்தது. ஒரு சாண் இருக்கும்போது படகு விலகியது. சுந்தரி கைகொட்டிச் சிரித்தாள். இன்னும் வேண்டவில்லை. சேவுகப்பெருமாள் பாறையைப் பார்க்கவில்லை, ஆற்றைப் பார்க்கவில்லை, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படகோட்டியின் விரல் மேலே எழுந்தது. வட்டம் போட்டது. சுந்தரி வாயைத் திறந்தாள்.

சேவுகப்பெருமாள் முந்திவிட்டார். "குன்றக்குடி முருகா! என் பெண்டாட்டியப் பத்திரமாக் கரை சேத்துரு! அவ உனக்கு முடி காணிக்கை குடுப்பா!"

வானமும் மலையும் ஒரு சுற்றுச் சுற்றின. ஆறு பாதி அவர் வாய்க்குள் போனது. படகு நேரானதும் சுந்தரி, திறந்த வாயை மூடாமல் கத்தினாள்: "இன்னொரு சுத்து சுத்தச் சொல்லுடா முகேசு!"

கரையில் இறங்கியதும், சொட்டச் சொட்ட நின்றபடி சேவுகப்பெருமாள் தீர்ப்பை வாசித்தார். "காதுல விழுந்துச்சுல்ல? சாமிகிட்டச் சொன்னது சொன்னதுதான். மாத்த முடியாது."

"விழுந்துச்சு." சுந்தரி முந்தானையைப் பிழிந்தாள். கண் கலங்கியிருந்தது. "என்னைப் பத்திரமாச் சேக்கச் சொன்னீகளே. உங்களுக்குன்னு ஒண்ணுமே கேக்கலையே?"

அவருக்குச் சுருக்கென்றது. உண்மைதான், அவசரத்தில் தன்னை மறந்துபோயிருந்தார். இப்படி உருகுகிறவளையா மாட்டிவிட்டோம்?

"வேணாம்னா விடு சுந்தரி. முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"அதெப்படி? குடுத்துருவோம். பொம்பளைக்குப் பூமுடி போதும். நுனியில மூணு வெரக்கடை."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான். ஆனா உங்க புண்ணியத்துல என்னோட பழைய நேர்த்தி ஒண்ணும் தீரப்போகுது. கல்யாணமான புதுசுல வேண்டுனது. இந்த மனுசன் என்னைக்காச்சும் எனக்குன்னு சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டா…"

சேவுகப்பெருமாளின் கை தானாகத் தலைக்குப் போனது. "கேட்டா?"

"வேறென்ன? மொட்டைதான்."

நிசமாகவே அன்றைக்கு வேண்டியதா, இப்போது முந்தானை பிழிகிற நேரத்தில் ஜோடித்ததா? விசாரிக்கலாம் என்றால் சாட்சி முருகன் ஒருவர்தான். அவர் எந்தக் காலத்தில் இவர் பக்கம் பேசியிருக்கிறார்?

"கீர்த்தி கல்யாணத்துக்கப்புறம் போட்டுக்கிறேனே, சுந்தரி," என்றார்.

"முந்தின நாளே போட்டுருவோம்ங்க. சாமி கடனைத் தலையில வச்சுக்கிட்டா பொண்ணத் தாரைவாக்குறது?"