லிஸ்பனில் போய் என்ன சாப்பிடுவது?

உத்திரமேரூரிலிருந்து எந்த ஊருக்குப் பஸ் ஏறினாலும் சரி, லிஸ்பன் நகரத்தில் என்ன சாப்பிட வேண்டும் என்று தெரிந்துகொள்ளாமல் ஒருவரும் கிளம்பிவிட முடியாது. செங்கல்பட்டுக்குப் பல் பிடுங்கப் போகிறவருக்கும் இதே கதிதான். காஞ்சிபுரம் கோர்ட்டுக்கு வாய்தாவுக்குப் போகிறவருக்கும் இதே கதிதான். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே டிராவலர்ஸ் பங்களா. அதன் கேட்டைப் பிடித்துக்கொண்டு, காக்கி அரை டிராயரில், தோளில் ஒரு துவாலையுடன் அவர் நிற்பார்.

"எங்க சார் கெளம்பிட்டீங்க?"

"மெட்ராஸுக்கு."

"மெட்ராஸ்ல துறைமுகம் கீது. கப்பல் ஏறுனா லிஸ்பன். எறங்கின ஒடனே பெரிய ஓட்டலுங்களப் பாத்து ஏமாந்துடாதீங்க. வலக்கைப் பக்கம் ஒரு ஏத்தம் போவும். கல்லு பாவின தெரு. மூச்சு வாங்கும், வாங்கட்டும். பசி எடுக்கணுமில்ல? மேல போனா ஒரு சின்னக் கடை..."

டிரைவர் ஹாரன் அடிப்பார். கண்டக்டர் விசில் ஊதுவார். மெட்ராஸ் போகிறவர் ஓடும் பஸ்ஸில் தாவி ஏறும்போது, "கருவாட்டை மட்டும் வுட்டுடாதீங்க" என்ற குரல் பின்னாலேயே வரும்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊரில் யாருக்கும் தெரியாது. 'லிஸ்பன்காரர்' என்றால் கைக்குழந்தைகூடப் பங்களாப் பக்கம் திரும்பும். அங்கே அவர்தான் சமையல்காரர், காவல்காரர் எல்லாம். ஏரி, மதகு வேலைகளைக் கவனிக்கும் செக்‌ஷன் ஆபீஸில் எனக்குக் குமாஸ்தா வேலை. கல்யாணம் ஆகாதவன் என்பதால் பங்களாவின் பின்கட்டு அறை ஒன்றை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். அதனால் மற்றவர்கள் பஸ் ஏறும்போது மட்டும் கேட்டதை நான் காலை நாஷ்டாவிலிருந்து ராத்திரிச் சாப்பாடு வரை கேட்டேன். நான் பிறந்த ஊர்த் தெருக்கள் எனக்கு மறந்துபோகலாம். லிஸ்பன் தெருவில் கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்தக் கடைக்குப் போய்விடுவேன்.

அவர் சொன்ன கதை இதுதான். இளவயதில் கூலி வேலைக்கு மெட்ராஸ் போனவர், துறைமுகத்தில் மூட்டை தூக்கி, அப்படியே கப்பல் சமையலறையில் எடுபிடி ஆகிவிட்டார். யுத்தம் வந்தது. கப்பல் லிஸ்பனில் ஒதுங்கியது. எஞ்சின் படுத்துக்கொண்டது. எஞ்சினுக்கு ஆள் வருகிறான், வருகிறான் என்று வருஷங்கள் போயின. வயிறு நிற்குமா? ஏற்றத்துத் தெருவில் தோனா மரியா என்ற விதவை நடத்திய சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவப் போனார்.

"மொத நாளே பாஷ புரிஞ்சிடுச்சு சார்" என்பார்.

"அதெப்படி?"

"அந்தம்மா ஜன்னலைக் காட்டி ஜனேலாங்குது. மேஜைய மேசாங்குது. சாவிய ஷாவுங்குது. நம்ம பாஷதான் சார். இன்னா, பல்லு வுழுந்தவங்க பேசறாப்பல பேசறாங்க."

பாஷை புரிந்ததும் அடுப்பங்கரைக்குள் சேர்த்துக்கொண்டாளாம். அங்கே கற்றதை அவர் சொல்லக் கேட்கவேண்டும். பலகை மாதிரிக் காய்ந்த உப்பு மீனைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பைப் போக்கி, நார்நாராகப் பிய்த்து, உருளைக்கிழங்கும் வெங்காயமும் முட்டையுமாகப் புரட்டி எடுப்பது; அதற்குப் பெயர் பக்கல்யாவ். கோடைத் திருவிழாவில் தெருவெல்லாம் கரி அடுப்பு வைத்து மத்தி மீனைச் சுட்டு, ரொட்டித் துண்டின் மேல் போட்டுக் கொடுப்பது. "மீன் தீந்தப்புறம் அந்த ரொட்டி கீது பாருங்க சார், மீன் எண்ணெயெல்லாம் குடிச்சிட்டு ஊறிப்போயி..." என்று கண்ணை மூடுவார். அடுப்பில் என் சாம்பார் பொங்கி வழியும்.

பேச்சோடு நின்றிருந்தால் பரவாயில்லை. செய்தும் பார்ப்பார்.

ஒரு தரம் மேலதிகாரி ஒருவர் ஏரிக்கரை பார்க்க ஜீப்பில் வந்து இறங்கினார். சுத்த சைவம். பூண்டு என்ற சொல்லே காதில் படக்கூடாது. புழுதியோடு வந்தவர் நேராகக் குளியலறைக்குப் போனார். போன வேகத்தில், இடுப்பில் துண்டோடு திரும்பி வந்தார்.

"தொட்டியில என்னய்யா?"

"பக்கல்யாவ் சார்" என்றார் லிஸ்பன்காரர் பணிவாக.

"அப்படின்னா?"

"கருவாடு சார். சதுரங்கப்பட்டினத்துக் கருவாடு. ஊற வெச்சிக்கீறேன். இன்னும் ரெண்டு தண்ணி மாத்தணும். தொடாதீங்க சார்."

அந்தத் தகரத் தொட்டி வெள்ளைக்காரன் காலத்தில் துரைமார் குளிப்பதற்காக வாங்கியது. அதிகாரி துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். ஒரு சஸ்பென்ஷன் ஆர்டரை டைப் அடிக்க வேண்டியிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். கிணற்றடியில் குளித்துவிட்டு அவர் கடுகடுவென்று வந்து உட்கார்ந்தபோது, லிஸ்பன்காரர் ஒரு கிண்ணம் கொண்டு வந்து வைத்தார். உருளைக்கிழங்கை வேகவைத்துக் கரைத்து, கீரையை மயிர்போல நறுக்கிப் போட்ட பச்சை ரசம். அங்கே அதில் பன்றிக்கறித் துண்டு ஒன்று மிதக்குமாம். இங்கே கிடைக்காததால் போடவில்லை. அந்த ஒரு காரணத்தால் அவர் வேலை பிழைத்தது. அதிகாரி இரண்டாவது கிண்ணம் கேட்டார்.

"இந்த ஊர்ப் பக்குவமா இது?"

"இல்ல சார். லிஸ்பன் போனீங்கன்னா வலக்கைப் பக்கம் ஒரு ஏத்தம்..."

இந்தச் சமையல் எதையும் வாயில் வைக்காத ஒரே ஜீவன் அவர் மனைவி லூர்து. தென்னேரிப் பக்கத்துப் பெண். நடவு, களை, அறுப்பு என்று வயலில் நின்றே காய்ந்த உடம்பு. யுத்த காலத்தில் புருஷனைப் பற்றிச் சேதி இல்லாமல் போனபோது, கப்பலோடு முழுகிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. தாலியைக் கழற்றச் சொன்னார்கள். "ஒடம்பு வந்தாக் கழட்டறேன்" என்று சொல்லிவிட்டு நடவுக்குப் போனாளாம். ஆள் உயிரோடு வந்து சேர்ந்ததும், வந்த வாய் ஓயாமல் தோனா மரியாவின் சமையலைப் பாடியதும், லூர்து ஒரு விரதம் எடுத்துக்கொண்டாள். அந்த ஊர்ப் பண்டம் எதுவும் தன் தொண்டையில் இறங்காது.

மண்ணெண்ணெய் டின்னில் மணல் கொட்டி, அடியிலும் மேலேயும் தணல் வைத்து, முட்டையும் பாலும் சர்க்கரையும் சேர்த்து ஒரு பணியாரம் செய்ய அவர் மாசக்கணக்கில் பாடுபட்டார். மேலே கொஞ்சம் கருகி, உள்ளே தளதளவென்று இருக்கவேண்டுமாம். முதலில் அடையாக வந்தது. பிறகு ஓடாக வந்தது. கடைசியில் ஒரு நாள், வாசனையோடு, ஏதோ ஒன்றாக வந்தது. பட்டைத்தூளைத் தூவி லூர்துவிடம் நீட்டினார்.

"தோ, ஒரு வாய் துன்னு பாருமே."

"ஏன், அந்தம்மா வரலியா துன்றதுக்கு?"

அவள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். பணியாரத்தை நானும் அவரும் சாப்பிட்டோம். மிக நன்றாக இருந்தது. அவர் மட்டும் மென்று பார்த்து, "இது இல்ல சார்" என்றார்.

கோவா விவகாரம் பேப்பரில் வந்த மார்கழியில் டீக்கடைக்காரர் அவரைப் பிடித்துக்கொண்டார். "இன்னா நைனா, ஒங்க ஊரை நம்ம பட்டாளம் புட்ச்சிடுச்சாமே" என்று சொல்லிவைக்க, மனிதர் என் ஆபீஸுக்கே ஓடி வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"சார், பேப்பர்ல லிஸ்பன் பத்திப் போட்டுக்கீதா? குண்டு கிண்டு வுழுந்துதா?"

பிடித்தது போர்த்துக்கீசியர் கையிலிருந்த கோவாவை, அவர்கள் தலைநகரான லிஸ்பன் கடலுக்கு அப்பால் பத்திரமாக இருக்கிறது என்று பேப்பரை விரித்துப் படித்துக் காட்டினேன்.

"ஏத்தத்துத் தெரு?"

"அதுவும்தான்."

பெஞ்சில் உட்கார்ந்து துவாலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "கோவாவ வுட்டுட்டுப் போனது நல்லதுதான் சார். அவங்களுக்கு ஆக்கத்தான் தெரியும். ஆளத் தெரியாது."

அன்று மாலை பங்களா கிணற்றடியில் அவரிடம் கேட்டேன். "இவ்வளவு உசிரா இருக்கீங்களே, அங்கேயே இருந்திருக்கலாமே?"

"அந்தம்மா இருன்னுதான் சொல்லுச்சு. கடைய நீயே பாத்துக்கன்னுச்சு."

"அப்புறம்?"

"ஒரு தபா எனக்குக் குளிர் ஜுரம். இந்தா அந்தான்னு கெடக்கிறேன். அந்தம்மா ஒரு கிண்ணத்துல எடுத்தாந்து, 'கான்ஜா'ன்னுது."

"கஞ்சாவா?"

"கஞ்சா இல்ல சார், கான்ஜா. பாத்தா, கஞ்சி சார். கோழிய வேவவெச்ச தண்ணியில அரிசி போட்டு, புதினா கிள்ளிப்போட்டு, எலுமிச்சம்பழம் புழிஞ்ச கஞ்சி. பேரும் கஞ்சிதான். எனக்கு அழுவ வந்துடுச்சு. எங்க வூட்ல ஒருத்தி இதவிட நல்லாக் காச்சுவா, நான் போறேன்னுட்டேன்."

வாளியைக் கிணற்றில் விட்டார். இழுக்காமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அங்க கீற வரைக்கும் நான் இன்னா பேசினேன்னு நெனைக்கிறீங்க? ஏரி வெரால் கொழம்பு. லூர்து கிண்டற களி. வயல் நண்டு ரசம். கடைக்கு வர்றவங்கள ஒக்கார வெச்சி, 'உத்ரமேரு போனா இத்தத் துன்னுங்க, அத்தத் துன்னுங்க'ன்னு ஒரே பேஜார் பண்ணுவேன். அவங்க எனக்கு வெச்ச பேரு இன்னா தெரியுமா? உத்ரமேரு."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

அடுத்த அறுப்பு முடிந்த சமயத்தில் லூர்து விஷ ஜுரத்தில் படுத்தாள். ஆஸ்பத்திரி மருந்து உள்ளே போனது, சோறு போகவில்லை. எதைக் கொடுத்தாலும் குமட்டினாள். லிஸ்பன்காரர் அந்த நாட்களில் பங்களா கேட்டுக்கு வரவே இல்லை. பஸ்கள் ஆச்சரியமாக நேரத்துக்குக் கிளம்பின. காலனியில் அவர் வீட்டுக்கு நான் போனபோது, வாசலில் ஒரு கோழி இறகு பறந்துகொண்டிருந்தது. உள்ளே அவர் கிண்ணத்தோடு பாய் அருகில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா அது?" என்றாள் லூர்து, கண்ணைத் திறக்காமல்.

"கஞ்சிமே."

"புதினா வாசன வருது."

அவர் கஞ்சியைக் கலக்கினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"ஒனக்கு ஜுரம் வந்தப்போ அந்தம்மா குட்த்ததா?"

"ஆமா."

லூர்து கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். விரதத்தைப் பற்றி யோசிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும், கிண்ணத்தைக் கீழே வைக்கப் போனார்.

"யாருமத்த ஊர்ல நோவோட கெடந்தவனுக்கு கஞ்சி காச்சி ஊத்திக்கீறா" என்றாள் மெதுவாக. "அவ குட்த்ததாலதான நீ வூடு வந்த. நல்லவதான். குடு."

முழுவதும் குடித்தாள். குடித்துவிட்டு, "உப்பு பத்தல" என்றாள். லிஸ்பன்காரர் உப்பு எடுத்து வருவதுபோலப் பின்பக்கம் போனார். வெகுநேரம் வரவில்லை.

அவள் பிழைத்து எழுந்தாள். மறுநாளே ஏற்றத்துத் தெரு மறுபடி கேட்டுக்கு வந்துவிட்டது, பஸ்கள் தாமதமாயின. லூர்துவே ஒரு நாள், "அந்தப் பணியாரத்தத்தான் இன்னொருவாட்டி சுடேன், பாப்போம்" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு மாற்றல் வந்து தஞ்சாவூர்ப் பக்கம் போய்விட்டேன்.

சில வருஷங்கள் கழித்து, வேறு பதவியில், மதகு ரிப்பேர் பார்க்க உத்திரமேரூர் வந்தேன். பங்களா வராந்தாவில் கல்வெட்டு பார்க்க வந்த மெட்ராஸ் குடும்பம் ஒன்று உட்கார்ந்திருந்தது. தலை நரைத்த லிஸ்பன்காரர் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். குடும்பத் தலைவர் கேட்டார், "இங்க சாப்பிட என்னய்யா விசேஷம்?"

எனக்கு உள்ளுக்குள் குதூகலம். கல் பாவிய தெருவுக்காகக் காத்திருந்தேன்.

"வெரால் கொழம்பு சார்" என்றார். "ஏரி வெரால். மண்சட்டியில புளியக் கரைச்சி ஊத்தி, ராத்திரியே வெச்சி காத்தாலதான் துன்னணும். கூட கேவுரு களி. களி உருண்டைய வெரலால கிள்ளி எடுத்தா, தானா வழுக்கிக்கினு உள்ள போவும் சார்."

"அட. எங்க கிடைக்கும்?"

"காலனியில ஒரு வூட்ல போடுவாங்க" என்றார். செம்பைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப இல்ல சார். போன மழைக்கு முன்னாடி நின்னுபோச்சு" என்றார்.

அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததும் துவாலையால் நாற்காலியைத் தட்டிப் போட்டார். லூர்துவைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "ஒக்காருங்க சார். நானே வெச்சிக்கீறேன், வெரால் கொழம்பு. அவ வெச்ச மாதிரி வரல. தெனம் வெச்சிப் பாக்கிறேன்" என்றார்.

இலை போட்டார். குழம்பில் புளி தூக்கல். மீன் குழைந்திருந்தது. எதிரே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூன்றாவது தரமும் சோறு கேட்டேன்.