நான்காவது தொட்டி

நான்கு லாவெண்டர் தொட்டிகளில் மூன்று போய்விட்டன. நான்காவது, போவதா வேண்டாமா என்ற யோசனையில் இருந்தது. எஸ்டேட்டில் கணக்கெழுதி வேலையும் பார்த்துக்கொள்ளும் ரைட்டர் சின்னராஜ் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வெளியே கரடியூர் கிராமத்தையே காணாமல் அடித்திருந்தது பனி.

வெள்ளிக்கிழமை சேலத்திலிருந்து முதலாளி ஹரிஹரன் விருந்தாளிகளோடு வருகிறார். வங்கியில் பெரிய பதவி வகித்து ஓய்வுபெற்றவர். லாவெண்டர் வாசனை மனத்துக்கு அமைதி தரும் என்பதை யாரும் கேட்காமலே ஒன்றரை மணி நேரம் விளக்குவார். அவர் மனைவி சுஜாதா அவ்வளவு நேரமும் லாவெண்டர் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்திருப்பார்.

செடி செத்தால் வேலை போகும். வேலையோடு எஸ்டேட் கொடுத்த வீடும் போகும். மகளுக்கு இது பிளஸ் டூ வருஷம்.

"ஏனுங்க, அப்பிடி என்னதான் பண்ணுனீங்க அதுங்கள?" என்றாள் மனைவி சின்னத்தாயி.

"காப்பிக்குப் பண்றதத்தான் பண்ணுனேன்."

காப்பிக்குப் போல நிழலில் வைத்தார், முதலாவது அழுகியது. சாணி எரு போட்டார். இரண்டாவது மளமளவென்று வளர்ந்து அப்படியே படுத்துக்கொண்டது. நர்சரிக்காரருக்குப் போன் போட்டார். "அது வறட்சி கேக்கற செடிங்க. பட்டினி போடுங்க" என்றார் அவர். ஏற்காட்டு மழையில் வறட்சிக்கு எங்கே போவது? மூன்றாவதை அடுப்போரம் வைத்தார். கருவாட்டு மணத்தோடு அது காய்ந்தது.

நான்காவதற்கு, பங்களாவிலிருந்து சுஜாதா அம்மாவின் ஹேர் டிரையரை எடுத்து வந்து சூடு காட்டினார். சாயங்காலத்துக்குள் அது விளக்குமாற்றுக் குச்சியாகிவிட்டது.

வியாழக்கிழமை, சேர்வராயன் கோயில் ரோட்டோரத்தில் ஊதாப் பூவோடு நின்ற பேய்மிரட்டியில் நான்கைப் பிடுங்கிவந்து தொட்டிகளில் நட்டார்.

"பேயோட்டற செடியுங்க அது" என்றாள் சின்னத்தாயி.

"நாளைக்கு வர்றவங்களுக்கு அதுதான் சரி."

வாசனைக்கு முபாரக் கடைக்குப் போனார்.

"லாவெண்டர் அத்தர் இருக்குதுங்களா?"

"மல்லி இருக்குது, மரிக்கொழுந்து இருக்குது. லாவெண்டர்னா பாத்ரூம்ல தொங்கவிடற வில்லைதானுங்க இருக்குது."

சின்னராஜ் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்தார்.

"நாலு குடுங்க."

தொட்டிக்கு ஒன்றாக மண்ணுக்குள் புதைத்தார்.

வெள்ளிக்கிழமை பங்களா ஹாலில் ஹரிஹரன் தொட்டிமேல் குனிந்து நெடுநேரம் மூச்சை இழுத்தார். விருந்தாளிகளும் வரிசையில் வந்து இழுத்தார்கள்.

"எங்கேயோ தினமும் மோந்த மாதிரி இருக்கு சார்" என்றார் ஒருவர்.

"இருக்கும். லாவெண்டர் பூர்வஜென்ம நினைவுகளைக் கிளறும்" என்றார் ஹரிஹரன். பிறகு சின்னராஜின் தோளில் கை வைத்து, "உலகத்தரம். அடுத்த மாசம் இருநூறு தொட்டி போடறோம்" என்றார்.

சுஜாதா முதல் தடவையாக ஜன்னலை விட்டுத் திரும்பிச் சின்னராஜைப் பார்த்தார். பார்வை நன்றாக இல்லை.

மறுநாள் காலை அவரைக் கூப்பிட்டு, "இந்த மாசத்தோட நின்னுக்குங்க. வீட்டுச் சாவிய மரியசெல்விகிட்ட குடுத்துருங்க" என்றார். காரணம் சொல்லவில்லை. வேலைக்கு ஆள் வைப்பதும் நிறுத்துவதும் அந்த வீட்டில் சுஜாதாதான்.

சின்னராஜ் பங்களாச் சமையலறைக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்தார். சமையல்கார மரியசெல்வி லாவெண்டர் டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"வில்லையக் கண்டுபிடிச்சுட்டாங்களா?" என்றார் சின்னராஜ்.

"எந்த வில்லை?"

"ஒண்ணுமில்ல. செடி செத்தா வேலை போகும்னு நாலு மாசமா தூங்கல. நாலும் பூத்து நிக்குது. அப்பறமும் நிறுத்தறாங்களே, நான் என்னங்க தப்புப் பண்ணுனேன்?"

மரியசெல்விக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அடுப்பைக் குறைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஏனுங்க ரைட்டரே, நீங்க கை வெச்ச செடி ஒண்ணுகூடப் பொழைக்காதுன்னு உங்க பழைய எஸ்டேட்ல நல்லா விசாரிச்சுத்தானுங்களே அம்மா உங்கள வேலைக்கே வெச்சாங்க."