பப்புவா மாஸ்ரர் கூப்பிட்ட இடாப்பு

ஸ்காபரோவில் எந்தப் பிறந்தநாள் கொண்டாட்டத்தையும் கேக் வெட்ட முன்னமே குழப்பிவிடக்கூடிய ஆற்றல் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் எங்கள் கட்டடத்துப் பப்புவா மாஸ்ரர். அவருடைய சொந்தப் பெயரை மனைவியே மறந்திருப்பார் என்று நினைக்கிறேன். கனடாவுக்கு வர முதல் பப்புவா நியூகினியில் பதினொரு வருடம் கணக்குப் படிப்பித்தவர். அந்தத் தீவுச் சனத்தைப் பற்றி யாராவது குறைவாகக் கதைத்தால் போச்சு, மனுசனுக்குப் பிரஷர் ஏறிவிடும்.

ஒருமுறை மில்லிக்கனில் ஒரு பிறந்தநாள் விருந்து. கேற்றரிங் குலம் அண்ணை மட்டன் றோலைக் கடித்துக்கொண்டு, "மாஸ்ரர், அங்க மனிசரை மனிசர் தின்னுறவையாமே?" என்று கேட்டுவிட்டார்.

"பதினொரு வருசம் இருந்தனான். ஒருத்தரும் என்னைக் கடிச்சும் பாக்கேல்லை. இஞ்ச வந்த நாளில இருந்து நீர்தான் என்ரை உயிரைத் தின்னுறீர்!"

அதோடு விட்டாரா? மெழுகுதிரி உருகி ஐசிங்கில் ஒழுகும்வரை வகுப்பு நடந்தது. "அந்தத் தீவுப் பக்கத்துக்கு மெலனீசியா எண்டு பேர். எண்டால் கறுப்புத் தீவுகள். ஆர் வைச்ச பேர்? ஒரு பிரெஞ்சுக் கப்பல்காரன்! சனத்தின்ரை தோலைப் பாத்துப் பேர் வைச்சிட்டுப் போயிட்டான். அவன் பருத்தித்துறைப் பக்கம் வந்திருந்தா எங்களுக்கு என்ன பேர் வைச்சிருப்பான், சொல்லும் பாப்பம்?"

குலம் அண்ணை தன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்த றோலை எடுத்தார்.

இப்படிப்பட்டவருக்குப் போன வருடம் எங்கள் கட்டட லோன்றியில் ஒரு புதையல் கிடைத்தது. ஒன்பதாம் மாடிக்குப் புதிதாக வந்த அக்னெஸ் என்ற நர்ஸ் ஒரு பின்னல் பையில் உடுப்புக் கொண்டுவந்திருக்கிறார். பப்புவாப் பெண்கள் பின்னுகிற அந்தப் பையைக் கண்டதுமே மாஸ்ரர் பப்புவாப் பேச்சில் ஊர் விசாரித்தார். ஊரைவிட்டு வந்தபின் அந்தப் பேச்சை ஃபோனில் தவிர நேரில் யார் வாயிலும் கேளாத பெண், சோப்புத்தூளைக் கொட்டிவிட்டு அழுதேவிட்டாராம்.

முதியோர் மன்றச் செயலாளர் நான். விடுவேனா? சனிக்கிழமை மாஸ்ரர் பேச்சு, அக்னெஸ் சிறப்பு விருந்தினர் என்று அறிவித்துவிட்டேன். மாஸ்ரர் ஒரு கிழமை நித்திரை கொள்ளவில்லை. "தம்பி, இதோட எங்கட சனத்தின்ரை வாயை மூடிப்போடுவன், இருந்து பாரும்" என்றார்.

சனிக்கிழமை மாஸ்ரர் கொண்டுவந்த படங்கள் திரையில் ஓடின. இறகுத் தொப்பி, மஞ்சள் பூசிய முகம், மூக்கில் எலும்பு. சனம் "ஆ!" என்றது. மாஸ்ரர் பூரித்துப்போனார். அக்னெஸ் எழும்பி, சபைக்கு விளங்கக்கூடாதென்று தங்கள் பேச்சிலேயே மெல்ல ஏதோ கேட்டார். மாஸ்ரரோ கணக்கு வாத்தியார். உள்ளதை உள்ளபடி மைக்கில் மொழிபெயர்த்தார்.

"'ஏன் மாஸ்ரர், பதினொரு வருசத்தில சேட்டுப் போட்ட ஒருத்தரையும் நீங்கள் காணேல்லையோ?' எண்டு கேக்கிறா."

சபை சிரித்தது. அக்னெஸ் விடவில்லை, மாஸ்ரரும் விடவில்லை. "'என்ரை அப்பா பாங்கில வேலை செய்தவர். இறகு கட்டுறது திருவிழாவுக்கு. றிச்மண்ட் ஹில் கோயில்ல முதுகில முள்ளுக் குத்தின காவடிப் படத்தை அம்மாவுக்கு அனுப்பினனான். அண்டையில இருந்து, அந்தச் சனத்தோட கவனமா இரு பிள்ளை எண்டு ஒவ்வொரு நாளும் ஃபோன் எடுக்கிறா...'"

அதோடு மாஸ்ரர் மைக்கை இறக்கிவிட்டார். ஆயுள் முழுக்க எதை எதிர்த்துச் சண்டை பிடித்தாரோ அதையே தானும் செய்திருக்கிறார் என்று மனுசனுக்கு விளங்கிவிட்டது. ஏன்தான் இவரை மேடையேற்றினேன் என்றிருந்தது எனக்கு.

"என்ரை வகுப்புப் படம் கட்டில் தலைமாட்டில கிடக்குது" என்றார் மாஸ்ரர். "சேட்டுப் போட்ட பிள்ளையளை இஞ்ச ஆர் பாக்கப்போறியள் எண்டு கொண்டுவரேல்லை. பிழை என்னிலதான்."

திரையை நிறுத்தச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு வகுப்பு இடாப்பைக் கூப்பிடத் தொடங்கினார். "கிலா. மேரி. வாகி. ரூத்..." முதல் வாங்கிலிருந்து கடைசி வாங்குவரை, தாளும் இல்லை, தடுமாற்றமும் இல்லை. நாலாவது பெயருக்கு அக்னெஸ் நிமிர்ந்து நின்று, அந்தப் பிள்ளைக்காக "பிரசென்ற் சேர்!" என்றார். அடுத்த பெயருக்கு மண்டபத்தில் பாதிப்பேர் சொன்னார்கள். கடைசிப் பெயருக்கு எல்லோரிலும் சத்தமாகக் கத்தியது குலம் அண்ணை.

அக்னெஸ் அங்கேயே தாய்க்கு ஃபோன் எடுத்தார். என்ன சொல்கிறா என்று கேட்டோம். மாஸ்ரர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு மொழிபெயர்த்தார்:

"'பயமில்லை அம்மா, நல்ல சனம். கதைக்கிறதுதான் கொஞ்சம் கூட.'"

இப்போதெல்லாம் மாஸ்ரர் வராத பிறந்தநாளில் எனக்குக் கேக் தொண்டைக்குள் இறங்குவதில்லை.