வேஸ்ட் ஷாட்

"மொகத்துலதாண்டா வெச்சேன். வேற எங்க வெப்பாங்க?" என்றாள் அம்மா மலர்க்கொடி.

வசந்த்குமார் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கையில் ஒரு மெமரி கார்டு. அதன் மேல் காய்ந்து வெடித்த சந்தனம், நடுவில் குங்குமம்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை அது. உத்திரமேரூரில் அவன் வீட்டு முன்னறைதான் ஸ்டுடியோ. கேமரா, லென்ஸ், ஸ்டாண்டின் மூன்று கால், வெள்ளைக் குடை, இன்வெர்ட்டர், சுவிட்ச் போர்டு என்று எதையும் விட்டுவைக்காமல் அம்மா பொட்டு வைத்திருந்தாள். அது வருடா வருடம் நடப்பதுதான், துணியால் துடைத்தால் போய்விடும். ஆனால் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள், புது ஷூவோடு வரும் ஈரம் உறிஞ்சிப் பொட்டலங்களுக்கு நடுவே, தை மாதத்திலிருந்து அவன் பொத்திப் பொத்தி வைத்திருந்த கார்டை அவள் கண்டுபிடிப்பாள் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

"அது மொகம் இல்லம்மா."

"பின்ன இன்னா? திருப்பித் திருப்பிப் பாத்தேன். ஒரு பக்கம் கருப்பா கீது. இன்னொரு பக்கம் பொன்னாட்டம் மின்னிக்கினு கீது. சரி, இதான் மொகம்னு வெச்சேன். எல்லாத்துக்கும் வெச்சிட்டு இத்த மட்டும் வுட்டா நல்லாவா இருக்கும்?"

பொன்னாக மின்னும் அந்தக் கோடுகள் வழியாகத்தான் படங்கள் உள்ளே போவதும் வெளியே வருவதும். அதை அம்மாவுக்கு விளக்க அன்றைக்கு அவனுக்குத் தெம்பில்லை. கேமராவில் போட்டுப் பார்த்தான். 'கார்டு இல்லை' என்று காட்டியது.

அந்தக் கார்டின் கதையை இங்கே சொல்லிவிடுவது நல்லது. தை மாதம் காவாந்தண்டலத்தில் ஷீபாவுக்குக் கல்யாணம். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜான்சனின் தங்கை அவள். ஜான்சன் வசந்துக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதன். பெண்ணுக்கு மேக்கப் போட வாலாஜாபாத்திலிருந்து ஏஞ்சல் என்று ஒருத்தி வந்திருந்தாள். ரிசப்ஷனில் வசந்த் கேமராவைத் தூக்கினால் போதும், அவள் மேடையேறி வந்து ஷீபாவின் தலையில் பூவைச் சரிசெய்வாள்.

"கொஞ்சம் நவுருங்க" என்பான்.

"சரிங்க" என்று நகர்வாள்.

மறுபடி தூக்குவான். மறுபடி பூ சரிந்திருக்கும் போல, மறுபடி வந்து நிற்பாள். முதலில் அவனுக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு, தொழிலில் இப்படி ஒரு அக்கறையா என்று ஆச்சரியமாக இருந்தது. பந்தி முடிவதற்குள் ஆள் விழுந்துவிட்டான்.

கிளம்பும்போது அவள், "நான் எதுலயாச்சும் இருந்தா ரெண்டு போட்டோ அனுப்புங்க" என்றாள். "கண்டிப்பா அனுப்பறேங்க" என்றான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான், எந்த நம்பருக்கு என்று கேட்காமல் வந்துவிட்டது உறைத்தது. அப்புறம் நைசாக விசாரித்ததில், அவள் தாம்பரம் பக்கம் ஏதோ பார்லரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகத் தெரிந்தது. ஜான்சனிடம் நம்பர் கேட்கலாம்தான். கேட்டால் சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்துவிடும்.

பெண்ணையோ மாப்பிள்ளையையோ மறைத்துக்கொண்டு யாராவது குறுக்கே நிற்கிற படத்துக்குத் தொழிலில் வேஸ்ட் ஷாட் என்று பெயர். அது ஆல்பத்துக்குப் போகாது, கார்டை அழிக்கும்போது சேர்ந்து அழிந்துவிடும். வசந்த் நல்ல படங்களைக் கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றி ஆல்பம் போட்டுக் கொடுத்தான். வேஸ்ட் ஷாட் மட்டும் மிஞ்சிய கார்டை அழிக்கவில்லை. கம்ப்யூட்டரில் ஏற்றலாமென்றால் ஆல்பம் டிசைன் பண்ண ஜான்சன் வந்து உட்காருவது அதில்தான். செல்போனில் வைக்கலாமென்றால் அம்மா சீரியல் பார்ப்பது அதில்தான். ஆகவே கைதவறி அழிந்துவிடாதபடி கார்டின் ஓரத்தில் இருக்கும் பொடி லாக்கைத் தள்ளி, டிஷ்யூவில் சுற்றி, கண்ணாடிக் கூட்டில் பத்திரப்படுத்தினான்.

வேலை இல்லாத மத்தியானங்களில் அதை எடுத்துக் கேமராவில் போட்டு, தீப்பெட்டி அகலத் திரையில் அவளைப் பார்ப்பான். பெரும்பாலும் தோள், கை, பாதி ஜடை. ஒரே ஒரு படத்தில் மட்டும் பூச்சரத்தைப் பிடித்தபடி நேராக லென்ஸைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். லைட்டில் கண் கூசியிருக்கும் என்று அவனாகவே ஒரு காரணம் வைத்திருந்தான். பார்த்து முடித்தால் மனசு நிறையாது, இன்னும் காலியாகும். வண்டியை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத் போய், பாலாற்றுப் பாலத்தின் மேல் ஒரு சோலியும் இல்லாமல் நின்றுவிட்டு வருவான். அவளில்லாத ஊரில் அவளைத் தேடுவது கிறுக்குத்தனம் என்று அவனுக்கே தெரியும். ஆனாலும் ஏதாவது ஒரு கல்யாணத்தில் அவளை மறுபடி பார்க்காமலா போய்விடுவோம்? அப்போது "உங்க போட்டோ எங்கிட்ட இருக்குங்க" என்று பேச்சை ஆரம்பிக்கலாம். அவளிடம் பேசுவதற்கு அவன் கையில் இருந்த ஒரே சாக்கு அந்தக் கார்டுதான்.

இப்போது அதன் மேல் சந்தனம்.

பனியன் நுனியால் துடைத்தான். சந்தனம் கோடுகளின் இடுக்கில் இறங்கிக் கெட்டியாக உட்கார்ந்துகொண்டது. ஊக்கால் சுரண்டப் போனான்.

"சொரண்டாதடா. தண்ணி பட்டா சந்தனம் தானா கரையப் போவுது" என்று சொல்லிக்கொண்டே மலர்க்கொடி அவன் கையிலிருந்து வாங்கிச் சொம்புத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். "பாரு, பளிச்சுனு ஆயிடுச்சி."

கார்டு பளிச்சென்றுதான் இருந்தது. இடுக்கு வழியாக ஒரு சொட்டுத் தண்ணீரும் வந்தது.

"மொகத்த இன்னாத்துக்கு அப்டி வெச்சிக்கினு கீற? போன வருஷம் உன் போனு குண்டான்ல வுழுந்தப்போ அரிசில போட்டு வெச்சியே. இத்தயும் போடு."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ரேஷன் அரிசி டின்னில் கார்டைப் புதைத்துவிட்டு, சாலவாக்கத்தில் ஒரு வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய ஃபிரேம் போட்ட படத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினான். மத்தியானம் திரும்பி வந்தபோது கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. டின் காலியாக இருந்தது.

"அம்மா, டின்ல அரிசி?"

"நாளைக்கி நாஷ்டாவுக்கு இட்லி ஊத்தலாம்னு ஊறப்போட்டேன். ஏன்?"

அவன் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான். கிரைண்டருக்குள் முழங்கை வரை விட்டு மாவைத் துழாவினான். கல்லைத் தூக்கி அடியில் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அரிசி ஊறவைத்த குண்டானின் அடியில், அரைபடக் காத்திருந்த இரண்டு கைப்பிடி அரிசிக்கு நடுவே கார்டு சிக்கியது. காலையில் ஒரு முக்குதான். இப்போது குளித்து ஊறியே விட்டது.

"இவ்ளோ பேஜார் பண்றியே, அதுல அப்டி இன்னாதாண்டா கீது?"

"ஒரு கல்யாணம்மா."

"யாரு கல்யாணம்?"

கையில் மாவு காய்வதற்குள் வண்டியை எடுத்தான்.

ஜான்சனின் கடைக்குப் போவதைத் தவிர வேறு வழி இல்லை. போகும் வழியிலேயே ஒரு பொய்யைத் தயார் பண்ணிக்கொண்டான்.

"சாலவாக்கத்துல ஒரு காது குத்து மச்சி. தண்ணில வுழுந்துடுச்சி."

"காது குத்தா? இதுக்கா மூஞ்சி செத்த மாதிரி கீது?" ஜான்சன் கார்டை முகர்ந்து பார்த்தான். "உளுந்து வாசன வருது."

"காய வெச்சிக் குடு மச்சி, போதும்."

போர்டுகளின் ஈரத்தை வாட்ட ஜான்சனிடம் சூடான காற்று அடிக்கிற மெஷின் ஒன்று இருந்தது. ஒரு நொடிதான் பிடித்தான். கார்டு சுட்ட அப்பளம் மாதிரி ஒரு பக்கமாக வளைந்தது.

"வெளி ஓடுதான் மச்சி. உள்ள உசுரு நல்லாத்தான் கீது" என்று சொல்லி, லாக்கோடு சேர்த்து ஓட்டைப் பிரித்து, உள்ளிருந்த தகட்டை மட்டும் ரீடரில் சொருகி நகத்தால் அழுத்திப் பிடித்தான். கம்ப்யூட்டர் யோசித்தது. பிறகு, கார்டைத் துடைத்துப் புதிதாக்கவா என்று கேட்டது.

"ஃபார்மேட் கேக்குது. பண்ணவா?"

"வேணாம்" என்று வசந்த் எட்டி அவன் கையைப் பிடித்தான். பிடித்த வேகத்தில் ஜான்சனின் விரல் பட்டனில் போய் விழுந்தது.

"பண்ணிடுச்சி" என்றான் ஜான்சன்.

வசந்த் அங்கேயே தரையில் உட்காரப் போனான். ஜான்சன் அவனை ஸ்டூலில் உட்காரவைத்து, அழிந்ததைத் திரும்ப எடுக்கிற சாஃப்ட்வேர் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி ஆறுதல்படுத்தினான். சொன்னபடியே அதை ஓடவும் விட்டான். ஒரே ஒரு சங்கடம். லேப்டாப்பின் சொந்தத் திரை, ஒரு மூலையைத் தவிர, உடைந்து மாதக்கணக்காகிறது. ஊர் போனையெல்லாம் சரி பண்ணுகிறவனுக்கு அதைச் சரி பண்ண நேரமில்லை. அதனால் கடை வாசலில், ரோட்டைப் பார்த்து மாட்டிய பெரிய டிவியில்தான் படம் முழுசாகத் தெரியும். எதிரே டீக்கடை. டீக்கடை பெஞ்சில் ஆள் நிறைந்திருந்தது.

முதல் படம் மெதுவாக மேலிருந்து கீழே திறந்தது. பூ, அதன் மேல் ஒரு கை. அடுத்தது, ஒரு பெண்ணின் முதுகு. அதற்கடுத்தது, அதே பெண்ணின் தோள், பின்னால் மாப்பிள்ளையின் ஒரு காது.

"காது குத்துன்ன?" என்றான் ஜான்சன். மேலும் நாலு படம் பார்த்தான். அவன் குரல் மாறியது. "இது எங்க வூட்டுப் பந்தலு. இன்னா மச்சி இது, என் தங்கச்சி கல்யாணத்துல என் தங்கச்சியவே காணோம்?"

"பொண்ணு மாறிடுச்சாப்பா?" என்று டீக்கடையிலிருந்து ஒருத்தர் அக்கறையாகக் கேட்டார்.

வசந்துக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அந்த ஒரு படத்துக்காகக் காத்திருந்தான். அது வந்தது. மேல் பாதி முழுக்கச் சாம்பல் நிறத்தில் வெறுமையாக, கீழே பூச்சரத்தைப் பிடித்த கை மட்டும் தெளிவாக. சிரிப்பு இல்லை. ஜான்சன் திரும்பத் திரும்ப முயன்றும் முகம் வரவில்லை. வசந்துக்கு அழுகை வந்தது. டீக்கடை முன்னால் அழக்கூடாது என்பதால் மூக்கைச் சிந்தினான்.

"அழுவாத மச்சி. கல்யாண போட்டோ மிச்சம் கெடச்சிச்சின்னு ஷீபாவுக்கு எல்லாத்தயும் அனுப்பிட்டேன். அவ பாத்து சொல்லட்டும்."

"டேய், அழிச்சிடு. உடனே அழிச்சிடுடா."

"ரெண்டு டிக்கும் நீலமாயிடுச்சி" என்றான் ஜான்சன், போனைக் காட்டி.

கொஞ்ச நேரத்தில் ஷீபாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. ஒரே வரி. "அந்த வசந்த் அண்ணாவ இப்பவே வூட்டுக்கு வரச் சொல்லு."

காவாந்தண்டலம் வரைக்கும் வசந்த் மன்னிப்பு ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான். மறுநாள் ஷீபாவுக்கு வளைகாப்பு. அதற்கும் அவன்தான் போட்டோ. கல்யாணப் பெண்ணை விட்டுவிட்டு மேக்கப் போட வந்தவளை எடுத்த போட்டோகிராபர் என்று பேராகிவிட்டால் சுற்று வட்டாரத்தில் யார் கூப்பிடுவார்கள்? பயமாகத்தான் இருந்தது. அதைவிட, போய்விட்ட அந்த முகத்தைத்தான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனான்.

வாசலில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஷீபா நிறை வயிறோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மாங்காய்த் துண்டை மிளகாய்ப் பொடியில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். மடியில் போன்.

"உக்காருண்ணா. இதெல்லாம் இன்னாத்துக்கு இத்தினி மாசமா ஒளிச்சி வெச்சிக்கினு கீற?"

"வேஸ்ட் ஷாட்டும்மா. அழிக்க மறந்துட்டேன்."

"மறந்துட்டியா? மறந்துட்டுதான் கடைல உக்காந்து அழுதியாமே. ஜான்சன் அண்ணன் சொல்லிச்சி."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எம்மேல தப்புதாம்மா. நாளைக்கி உன்ன மட்டும்தான் எடுப்பேன். வேற யாரயும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்."

"அது எப்டி முடியும்? நாளைக்கி மேக்கப்புக்கு ஏஞ்சல்தான் வரா. தாம்பரத்துலேர்ந்து காலைல கெளம்பி வரேன்னு சொல்லிக்கீறா."

எத்தனை மத்தியானங்கள் இந்த ஒரு செய்திக்காக ஏங்கியிருக்கிறான். வந்த நாளைப் பார், கையில் ஒன்றுமில்லாமல்.

"அவங்க போட்டோ கேட்டாங்கம்மா. அனுப்பறேன்னு சொன்னேன். மொகம் அழிஞ்சிப்போச்சி, கைதான் மிச்சம். இனிமே இன்னான்னு போயி அவங்ககிட்ட பேசறது?"

ஷீபா மாங்காயைக் கீழே வைத்துவிட்டு அவனை உற்றுப் பார்த்தாள். அவள் கோபமாக இருக்கிறாளா, சிரிப்பை அடக்குகிறாளா என்று அவனுக்குப் புரியவில்லை.

"நீ இன்னாவோ பேசிக்கோ. ஆனா ஒண்ணு சொல்லிடறேண்ணா. நாளைக்கி மேக்கப்ப அவ போடட்டும். பூ மட்டும் எங்கம்மாதான் வெப்பாங்க. நீ காமெராவ எடுத்தப்புறம் அவ என் தலைகிட்டயே வரக்கூடாது."

"ஏம்மா? பாவம், பூ சரிஞ்சிச் சரிஞ்சி வுழுந்தாலும் சலிச்சிக்காம வந்து வந்து நல்லாத்தான வெச்சாங்க?"

"எங்கண்ணா சரிஞ்சிது? நீ காமெராவ தூக்கும்போதெல்லாம் நல்லா கீற பூவ அவளேதான் புடுங்கிப் புடுங்கி வெச்சிக்கினு இருந்தா, மூணு நாளு தலவலில கெடந்தேன் நானு."