சூடு காட்டுவதும் சூடு போடுவதும்

கீறல் விழுந்த படகைக் கீறலோடு திருப்பிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை. கொடுத்துப் பார்த்திருந்தால்தானே தெரியும்!

அது என் கொழுந்தனார் பிரபு ஆசையாக வாங்கிய கயாக். ஒருவர் மட்டும் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் படகு. ஞாயிற்றுக்கிழமை அரசலாற்றில் போட்டி. அதற்காக மாதக்கணக்கில் பழகியிருந்தார்.

சனிக்கிழமை மதியம், நெரவியில் எங்கள் வீட்டு வாசலில் கிடந்த அந்தப் படகில் என் மகளை உட்காரவைத்து, "கப்பல் போவுது பாரு" என்று சிமெண்டுத் தரையில் இழுத்தேன். (ஒரு வாய் ரசம் சாதத்துக்கு ஓர் இழுப்பு.) கிண்ணம் காலியானது. படகைக் கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கக் கீறல்.

பதறிப்போய் போனில் வீடியோ தேடினேன். "பிசிறைப் பிளேடால் சீவிவிட்டு, லேசாகச் சூடு காட்டுங்கள்" என்றார் ஒருவர். அவரிடம் சூடான காற்றை ஊதும் கருவி இருந்தது. என்னிடம் ஏது? ஆனால் ஓட்டை விழுந்த பிளாஸ்டிக் குடத்தைச் சூடான கத்தியால் இழைத்து ஒட்டுவது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கத்தி கிழித்துவிடுமோ என்று பயந்து, (முன்னெச்சரிக்கையாம்!) தோசைத் திருப்பியைப் பழுக்கக் காய்ச்சி, கீறலில் வைத்து அழுத்தினேன்.

கீறல் போய்விட்டது. அந்த இடத்தில் இருந்த படகும் போய்விட்டது.

நாற்றம் பிடித்து மாமியார் ஓடிவந்தார். "ஏம்மா, தோச கருகுதா?"

"தோச இல்லங்க அத்தே..."

பின்னாலேயே வந்த பிரபு, ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"தம்பி, வீடியோவுல சூடு காட்டத்தான் சொன்னாங்க..."

"காட்டத்தானே அண்ணி சொன்னாங்க? நீங்க சூடுல்ல போட்டுருக்கீங்க!"

மாமியார் சிரித்துவிட்டார். பிரபு சிரிக்கவில்லை. 'கீறலோட ஓட்டியிருப்பீங்களா தம்பி?' என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. மறுநாள் அவர் கரையில் நின்று மற்றவர்களுக்குக் கைதட்டினார். நான் மகளின் தலையை வாரிவிடுவதுபோல் குனிந்தே இருந்தேன்.

இப்போது நான் பால் காய்ச்சப் போனாலும், "காட்டு, போட்டுடாத" என்கிறார் என் கணவர். பிரபுவும் சேர்ந்து சிரிக்கிறார். என் மகளோ, நான் திருப்பியைத் தொட்டாலே தன் பிளாஸ்டிக் வாளியை ஒளித்துவைக்கிறாள்.

அந்தத் திருப்பியின் ஓரத்தில் ஆரஞ்சுத் துணுக்கு ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை எடுக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்களேன். தயவுசெய்து, சூடு காட்டச் சொல்லாதீர்கள்.