நாலு சிலிண்டருக்கு நாலு கரண்டி தீர்த்தம்

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில், மூடிக் கிடந்த தீப்பெட்டிக் குடோன் ஒன்றில் தெய்வ அருள் குடிவந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வாசலில் ஒரு பலகை: 'ஸ்ரீ அழுத்தானந்த சுவாமிகள். எஞ்சின் கம்ப்ரஷன் மந்திரத்தால் ஏற்றித் தரப்படும். செவ்வாய் விடுமுறை.' அருளுக்கும் வார விடுமுறை உண்டு என்று ஊர் அப்போதுதான் தெரிந்துகொண்டது.

கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். பழைய அம்பாசிடர்களும் ஜீப்புகளும் சாலையோரம் வரிசை கட்டி நின்றன. சிவகிரிக்காரர் ஒருவர் கிணற்று டீசல் எஞ்சினைப் பெயர்த்து டிராக்டரில் ஏற்றி வந்திருந்தார். ராயகிரி பிச்சம்மாள், விசில் வராத குக்கரை மடியில் வைத்துக் காத்திருந்தாள். ரத்த அழுத்தம் குறைவு என்று டாக்டர் சொல்லிவிட்ட மகாராஜன் அண்ணாச்சி, மருந்துச் சீட்டோடு வரிசைக் கடைசியில் நின்றார். அழுத்தம் எதில் குறைந்தால் என்ன, ஏற்றுகிற சாமி ஒருவர்தானே.

மேலநீலிதநல்லூர் காசிராஜன் பதினோராவது ஆள். அவருடைய அம்பாசிடர் அப்பா காலத்து வண்டி. போன பொங்கலுக்குப் புனலூரிலுள்ள மகள் வீட்டுக்குப் போனபோது புளியரை மலைச்சாலை ஏற்றத்தில் அது நின்றுவிட்டது. கூட வந்த சம்பந்தி, கஞ்சி போட்ட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். அன்று முதல் அந்த மனிதர் போனில் கேட்கும் முதல் கேள்வி "வண்டி சௌக்கியமா?" என்பதுதான். காசிராஜனின் சௌக்கியம் அதற்குப் பிறகு.

இப்போது மகள் அபிதாவுக்கு வளைகாப்பு. இன்னும் பத்தே நாள். வாயும் வயிறுமான பிள்ளையை இதே வண்டியில்தான் மலை தாண்டி அழைத்து வருவேன் என்று காசிராஜன் சம்பந்தியிடம் சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை இனி விழுங்க முடியாது. மனைவி சங்கரேஸ்வரியோ, அந்த வண்டியில் பிள்ளையை ஏற்றினால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு நாளாகச் சோற்றை மட்டும் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

முதலில் அவர் போனது எஞ்சின் மெக்கானிக் பெனிட்டாவின் லேத் பட்டறைக்குத்தான். சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறதோ அதுதான் கம்ப்ரஷன் ரேஷியோ, அதைக் கூட்ட வேண்டுமானால் எஞ்சினைப் பிரித்து அதன் மேல்மூடியான ஹெட்டைக் கொஞ்சம் சீவ வேண்டும், அதற்கு முன்னால் பிஸ்டனைச் சுற்றியுள்ள தேய்ந்த ரிங்குகளை மாற்ற வேண்டும் என்று அவள் விளக்கினாள். எல்லாம் முடிய இருபது நாளாகும் என்றாள். சாமியோ மூன்றே நிமிடத்தில் முடிக்கிறாராம். காசிராஜன் கணக்குப் போட்டார். கணக்கு சரியாகத்தான் வந்தது.

காசிராஜனின் முறை வந்ததும், வண்டியோடு கம்பெனி தந்த பழைய புத்தகத்தைச் சுவாமிகள் புரட்டினார். ரேஷியோ ஏழு புள்ளி இரண்டு என்று போட்டிருந்தது. தேய்மானத்தையும் சேர்த்து அதை ஏழரை என்று தீர்மானித்தார்.

"மக்கா, ஒன் வண்டிக்கு ஏழரை ஓடுது. எப்படி மலை ஏறும்?"

காசிராஜன் வண்டியை விட்டு ஓரடி தள்ளி நின்றார். ஐம்பது வருடமாக வீட்டு வாசலில் ஏழரைச் சனியை நிறுத்தி, அதற்கு ஆயுத பூஜையும் போட்டிருக்கிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது. தேய்ந்தால் அளவு குறையத்தானே வேண்டும், எப்படிக் கூடியது என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற பத்துப் பேருக்கும் தோன்றவில்லை.

சடங்கு தொடங்கியது. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டி, செல்ஃப் அடித்தார்கள். நாலிலும் முள் எண்பதில் நின்றது. சுவாமிகள் செம்பிலிருந்து மஞ்சளாக ஒரு தீர்த்தத்தை மந்திரம் சொல்லித் துளைக்கு ஒரு கரண்டி விட்டார். மறுபடி செல்ஃப். முள் நூற்றிருபதுக்குப் போனது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பிச்சம்மாள் குக்கரைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

நிபந்தனைகளும் உண்டு. நாற்பத்தெட்டு நாள் பானெட்டைத் திறக்கக் கூடாது. திறந்தால் அருள் ஆவியாகிவிடும். நாற்பத்தெட்டு நாள் மேட்டில் ஏறக் கூடாது. வண்டி கக்கும் நீலப்புகை வெளியேறுகிற பீடை. அதைக் குறைசொல்லக் கூடாது. சங்கரன்கோவிலைச் சுற்றி எல்லாம் சமதரை என்பதால் பக்தர்கள் ஒருவருக்கும் இதில் சிரமம் இருக்கவில்லை.

பத்து நாளில் மலை ஏற வேண்டுமே என்று காசிராஜன் கையைப் பிசைந்தார். அதற்கும் வழி இருந்தது. மலை விலக்குப் பூஜை. வெள்ளிக்கிழமை ஒரு தங்கக் காப்பைக் கொண்டுவந்து எஞ்சின் மேல் வைத்து, அப்படியே சுவாமிகளிடம் விட்டுவிட வேண்டும்.

வியாழக்கிழமை அவர் பீரோவைத் திறந்து அபிதாவுக்குப் போட வைத்திருந்த காப்பை எடுத்தபோது சங்கரேஸ்வரி பின்னால் நின்றாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சத்தம் போடவில்லை. தீர்த்தம் என்ன நிறம், விரலில் பட்டால் வழுக்கியதா என்று மட்டும் கேட்டாள். பிறகு பெனிட்டாவைப் பார்க்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை மூவருமாகப் போனார்கள். சங்கரேஸ்வரியின் ஒரு கையில் காப்பு, மறு கையில் தூக்குவாளி. பெனிட்டா கேஜை மாட்டிப் பார்த்தாள். நாலு சிலிண்டரும் பழையபடி எண்பது. நடுவில் ஒரு நாள் சந்தைக்குப் போய் வந்ததிலேயே அருள் தீர்ந்திருந்தது.

"சாமி, காப்பு இந்தா இருக்கு. ரெண்டு ஓட்டையில நீங்க விடுங்க, ரெண்டுல நான் விடுதேன். முள்ளு உங்களுக்கு மட்டும் ஏறிச்சுன்னா காப்பை வச்சுட்டுப் போறேன்," என்றாள் சங்கரேஸ்வரி.

சுவாமிகள் நேரம் சரியில்லை என்றார். அவரைக் கவிழ்த்தது பக்தர்கள்தான். நம்ம சாமி தோற்கவா போகிறார், அந்தப் பொம்பளைக்குக் காட்டுங்கள் சாமி என்று மகாராஜன் அண்ணாச்சி முன்னால் வந்து நின்றார். குறைந்த அழுத்தத்திலும் அவருக்கு நல்ல குரல். வேறு வழியில்லாமல் சுவாமிகள் மந்திரம் சொல்லி இரண்டு கரண்டி விட்டார். சங்கரேஸ்வரி தூக்குவாளியைத் திறந்து, தன் ரேஷன் கார்டு நம்பரை முணுமுணுத்தபடி இரண்டு கரண்டி விட்டாள்.

பெனிட்டா எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள். சாமிக்கு நூற்றுப் பதினைந்து, நூற்றிருபது. ரேஷன் கார்டுக்கு நூற்றிருபது, நூற்று இருபத்தைந்து.

"நேத்து உளுந்தவடை சுட்ட எண்ணெய்," என்றாள் சங்கரேஸ்வரி.

தேய்ந்த ரிங்கின் இடுக்கை எண்ணெய் அடைத்துக்கொள்ளும், காற்று கசியாது, முள் ஏறும், எண்ணெய் எரிந்ததும் இறங்கிவிடும் என்று பெனிட்டா காசிராஜனிடம் சொன்னாள். "ரிங்கு தேஞ்சிருக்கான்னு கண்டுபிடிக்க நாங்க தினமும் செய்யுதது இது. வியாதியக் காட்டுத சோதனைய வைத்தியம்னு வித்திருக்காரு. ரேஷியோ இம்மி கூட ஏறல, அண்ணாச்சி." பிளக்கை மாட்டி, பத்து நிமிடம் எஞ்சினை ஓட விட்டாள். நீலப்புகையில் பீடை மணக்கவில்லை, வடைதான் மணந்தது. மறுபடி கேஜ். நாலும் எண்பது.

காசிராஜனுக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. இந்த எண்பதை நம்பி நிறைமாசத்தை நெருங்கும் பிள்ளையைப் புளியரை வளைவில் கொண்டுபோய் நிறுத்தியிருப்போமே என்று நினைத்துப் பார்த்தார். காப்பை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தபோது சுவாமிகள் பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தார், புத்தம்புது பேட்டரி ஸ்கூட்டரில். அதில் எஞ்சினும் கிடையாது, கம்ப்ரஷனும் கிடையாது.

கூட்டம் கலைந்திருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. அது சங்கரேஸ்வரியைச் சுற்றிக்கொண்டது. தாயி, அஞ்சு கூட ஏறிச்சே, எங்க வண்டிக்கும் ஒரு கரண்டி விடுங்க என்று கும்பிட்டது. பிச்சம்மாள் குக்கரை நீட்டினாள்.

சங்கரேஸ்வரி தூக்குவாளியை மண்ணில் கவிழ்த்தாள். "முள்ளு ஏறினதையும் பாத்திய, இறங்கினதையும் பாத்திய. இதுக்கு மேலயும் வரிசையில நின்னா கம்ப்ரஷன் குறைஞ்சது வண்டிக்கு இல்ல."

வளைகாப்பு முடிந்து அபிதா ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கையில் காப்போடு வந்து சேர்ந்தாள். புனலூர் ஸ்டேஷனில் சம்பந்தி வழக்கம்போல வண்டி சௌக்கியமா என்று கேட்டிருந்தார். ரிங்கு தேய்ந்துவிட்டது, பார்க்காமல் விட்டது என் தப்பு, லேத்தில் கிடக்கிறது என்று காசிராஜன் சொன்னார். பொங்கலிலிருந்து இதைச் சொல்ல அவருக்கு எட்டு மாதம் ஆயிற்று.

குடோன் இப்போது பூட்டிக் கிடக்கிறது. ஆனாலும் போகிற வண்டிக்காரர்கள் வாசலில் சூடம் கொளுத்திவிட்டுத்தான் போகிறார்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் கொளுத்துவதில்லை, அன்று விடுமுறையாம். பலகையில் இருந்த விடுமுறையை இவ்வளவு கவனமாக நினைவில் வைத்திருப்பவர்கள், தங்கள் மூளைக்கு விட்ட விடுமுறையை என்றைக்கு முடித்துக்கொள்வார்கள்?